லாக்ஸ்டன் வயல்கள்: பிரித்தானிய வேளாண் அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
சுற்றுச்சூழல், உணவு, ஊரக விவகாரத் துறை அமைச்சர் அவர்களுக்கும், அத்துறையின் வேளாண் நிதித் திட்டங்களை வகுக்கும் அதிகாரிகளுக்கும்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். நாட்டிங்ஹம்ஷயர் கவுண்டியில், ஒல்லர்ட்டன் நகருக்குக் கிழக்கே இருக்கும் லாக்ஸ்டன் என்ற சிற்றூரின் திறந்த வயல்களைப் பற்றி இம்மடலை எழுதுகிறேன். என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. 2020-ஆம் ஆண்டின் வேளாண்மைச் சட்டத்தின் முதற்பிரிவு, பண்பாட்டு மரபையோ இயற்கை மரபையோ பேணவும் மீட்கவும் மேம்படுத்தவும் தக்க வகையில் நிலத்தைக் கையாளுவோருக்கு நிதியுதவி வழங்கும் அதிகாரத்தைத் தங்களுக்குத் தருகிறது. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி, லாக்ஸ்டனின் பொதுப் பயிர்ச்சுழற்சியையும் அதைக் கண்காணிக்கும் ஊர்மன்றத்தையும் தங்கள் உழைப்பால் தாங்கி நிற்கும் குத்தகை விவசாயிகளுக்கென்று தனியே ஒரு நீண்டகால நிதி ஏற்பாட்டைச் செய்ய வேண்டும் என்பதே அக்கோரிக்கை. இந்நாட்டில் வாழ்ந்து வரி செலுத்தும் தமிழன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். தமிழில் எழுதுவது, இதே நாட்டில் வாழ்ந்தும் இப்படி ஓர் ஊர் இருப்பதை அறியாத என் மொழிக்காரர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காக.

அவர்கள் பொருட்டு அந்த ஊரைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. தங்கள் அலுவலகத்தின் கோப்புகளில் இவையெல்லாம் இருக்கும் என்று அறிவேன். ஆனால் கோப்பில் இருப்பது நினைவில் இருப்பதாகிவிடாது.

இங்கிலாந்தின் நாட்டுப்புறம் என்றவுடன் நம் மனக்கண்ணில் எழுவது, உயிர்வேலிகள் சூழ்ந்த சிறுசிறு பச்சைக் கட்டங்களும் ஒவ்வொரு பண்ணையின் நடுவிலும் தனித்து நிற்கும் ஒரு வீடுமே. அந்தக் காட்சி பெரும்பகுதி கடந்த மூன்று, நான்கு நூற்றாண்டுகளின் வேலைப்பாடு. அதற்கு முன், நடு இங்கிலாந்தின் ஊர்களில் வயல்களுக்கு உள்வேலி கிடையாது. ஊரைச் சுற்றி இரண்டு அல்லது மூன்று மாபெரும் வயல்கள் இருக்கும். ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான நீண்ட, குறுகிய துண்டுகளாகப் பிரிந்து கிடக்கும். ஒரு குடியானவனுக்குரிய துண்டுகள் எல்லா வயல்களிலும் சிதறியிருக்கும். நல்ல மண்ணும் மோசமான மண்ணும், மேடும் பள்ளமும், ஊருக்கு அருகிலுள்ளதும் தொலைவிலுள்ளதும் எல்லாருக்கும் ஓரளவு கலந்து கிடைக்க அது வழி செய்தது. எந்த வயலில் எந்த ஆண்டு எதை விதைப்பது, எப்போது அறுவடையை முடித்துக் கால்நடைகளைத் தாளடிக்குள் விடுவது என்பதைத் தனியொருவர் முடிவு செய்ய முடியாது. ஊரே கூடித்தான் முடிவு செய்யும்.

லாக்ஸ்டனில் இந்த முறை இன்றும் நடப்பில் இருக்கிறது. மேற்கு வயல், தெற்கு வயல், ஆலை வயல் என்ற மூன்று வயல்களும், சேர்த்துப் பார்த்தால் 500 ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக, ஊரைச் சுற்றிக் கிடக்கின்றன. பண்ணை வீடுகள் வயல்களின் நடுவில் இல்லை. களஞ்சியங்களோடும் தொழுவங்களோடும் ஊர்த் தெருவின் இருமருங்கிலும் நெருங்கி நிற்கின்றன, ஏனென்றால் துண்டுகள் நாலாபுறமும் சிதறிக் கிடக்கும் ஊரில் வீட்டைத் தெருவில் வைத்துக்கொள்வதுதான் அறிவுடைமை. ஓராண்டு ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, அடுத்த ஆண்டு அதே வயலில் வசந்தகால விதைப்பு, மூன்றாம் ஆண்டு தரிசு என்று சுழற்சி நடக்கிறது. தரிசாக வெறுமனே விட்டுவந்த அந்த மூன்றாம் ஆண்டில் தீவனப் பயிர் வளர்த்துக்கொள்ளலாம் என்று 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊர் இசைந்தது. துண்டுக்கும் துண்டுக்கும் இடையே வேலியும் இல்லை, நம் ஊர் வயல்களில் இருப்பது போன்ற வரப்பும் இல்லை. பயிர் நிற்கும் பருவத்தில், வெளியூர்க்காரர் கண்ணுக்கு ஒரே பெரிய கோதுமை வயலாகத்தான் தெரியும். யாருடைய கோதுமை எங்கே முடிகிறது என்பது உழுதவர்களுக்குத் தெரியும்.

உழுவதற்கு ஒவ்வாத சரிவுகளும் ஈரத் தாழ்வுகளும் சைக் எனப்படும் புல்வெளிகளாக வயல்களுக்கு ஊடே விடப்பட்டிருக்கின்றன. கலப்பை படாமல் பல நூற்றாண்டுகளாகக் கிடப்பதால் அங்கே வளரும் புல்லும் காட்டுப்பூக்களும் தனி மதிப்புடையவை. அறிவியல் முக்கியத்துவம் வாய்ந்த தலமாக அரசே அவற்றை அறிவித்திருக்கிறது. அந்தப் புல்லை வெட்டி எடுக்கும் உரிமை ஒவ்வொரு கோடையிலும் ஊராருக்குள் ஏலம் விடப்படுகிறது.

இவை யாவற்றுக்கும் மேலாக நான் மதிப்பது, ஆண்டுதோறும் நவம்பர் இறுதியை ஒட்டி நடக்கும் ஜூரி நாளும், அதற்கு அடுத்த வாரம் கூடும் கோர்ட் லீட் என்ற ஊர்மன்றமும். பன்னிருவரும் அவர்களுக்கு ஒரு தலைவருமாக அமையும் ஜூரி, அந்த ஆண்டு கோதுமை விதைக்கப்பட்ட வயலுக்குள் இறங்கி, துண்டு துண்டாகப் பார்வையிடுகிறது. யாராவது தம் துண்டின் முனையைத் தாண்டிப் பொதுப் புல்வெளியையோ வண்டிப் பாதையையோ உழுதுவிட்டாரா, வடிகாலைத் தூர்வாராமல் விட்டாரா, பொதுநிலத்தில் எதையாவது கொட்டிவைத்தாரா என்று பார்க்கிறது. எல்லை மங்கியிருக்கும் இடங்களில் புதிதாக முளை அடிக்கிறது. வயலைச் சுற்றி முடித்ததும் ஊரின் டவ்கோட் இன் என்ற பழைய மதுச்சாலையில் உணவு. அங்கேயே உட்கார்ந்து குற்றங்களையும் தண்டத்தையும் எழுதிவைக்கிறார்கள். அடுத்த வாரம், நில உரிமையாளரின் சார்பில் சட்டம் படித்த ஒருவர் ஸ்டூவர்டாக, அதாவது மன்றத்தை நடத்துபவராக, வந்து அமர, பெய்லிஃப் என்ற மன்ற அலுவலர் மன்றத்தைக் கூட்ட, அந்தத் தாள் படிக்கப்பட்டுத் தண்டங்கள் உறுதியாகின்றன. அடுத்த ஆண்டு கோதுமை ஏறவிருக்கும் வயலுக்கான புதிய ஜூரியும் பதவியேற்கிறது. வரக் கடமைப்பட்டவர் வராமல் போனால் அதற்கும் சில பென்னிகள் தண்டம் உண்டு.

தண்டத் தொகை சிறியது. அதன் வலு தொகையில் இல்லை. அண்டை வீட்டுக்காரர்கள் பன்னிருவர் வந்து பார்த்து, நீ ஒரு கலப்பை அகலம் மிஞ்சிப் போனாய் என்று எழுதி, ஊர் முன்னிலையில் படிப்பதில் இருக்கிறது. இவ்வாண்டு எழுதும் இடத்தில் இருப்பவர் அடுத்த ஆண்டு எழுதப்படும் இடத்தில் இருக்கக்கூடும் என்பதால் யாரும் வேண்டாத கடுமையும் காட்டுவதில்லை, கண்டும் காணாமலும் விடுவதில்லை. எல்லைத் தகராறு ஒன்றை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால் ஆகும் செலவும் காலமும் என்னவென்று நிலம் வைத்திருக்கும் எவரையும் கேட்டால் சொல்வார்கள். லாக்ஸ்டனில் அது ஒரு நடையிலும் ஒரு முளையிலும் முடிந்துவிடுகிறது.

இம்மன்றம் வெறும் சடங்கு என்று தங்கள் அதிகாரிகளில் எவரேனும் எண்ணினால், 1977-ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டத்தை அவர்கள் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். காலாவதியான பழைய மேனர் (நிலக்கிழாரின் ஆளுகைப் பரப்பு) மன்றங்களின் நீதி அதிகாரத்தை நாடு முழுவதும் நீக்கிய அச்சட்டம், விலக்கு அளித்த மிகச் சிலவற்றுள் லாக்ஸ்டனின் கோர்ட் லீட்டும் ஒன்று. வேறு ஊர்களில் இன்றும் கூடும் மன்றங்களில் பல விருந்தும் ஊர்வலமுமாக நடக்கின்றன; இதுவோ இன்றும் நிலத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறது. டெவன் கவுண்டியின் பிரான்டனிலும் லிங்கன்ஷயரின் ஆக்ஸ்ஹோம் பகுதியிலும் துண்டு நிலங்கள் மிஞ்சியிருக்கின்றன. அவற்றையும் காக்க வேண்டும் என்பதே என் எண்ணம். ஆயினும் அங்கெல்லாம் வடிவம் மட்டும் இருக்கிறது, கூடி ஆளும் பழக்கம் போய்விட்டது.

இவ்வூரின் வரலாறு நன்கு பதிவானது. இங்கிலாந்தின் நிலங்களைக் கணக்கெடுத்த 1086-ஆம் ஆண்டின் டூம்ஸ்டே பதிவேட்டில் ஊர் இடம்பெற்றிருக்கிறது. நார்மன் காலத்தில் எழுந்த கோட்டையின் மண்மேடு இன்றும் வடக்குப் புறத்தில் நிற்கிறது. ஷெர்வுட் அரசக் காட்டைக் காக்கும் பரம்பரைப் பொறுப்பு ஒரு காலத்தில் இக்கோட்டைக்கு உரியவர்களிடம் இருந்தது. ஆனால் வரலாற்றாய்வாளர்கள் லாக்ஸ்டனை நாடி வருவது கோட்டைக்காக அன்று, 1635-ஆம் ஆண்டின் ஒரு வரைபடத்துக்காக. அப்போது ஊரின் நிலக்கிழாராக இருந்த சர் வில்லியம் கோர்ட்டனுக்காக மார்க் பியர்ஸ் என்ற நில அளவர் ஊர் முழுவதையும், துண்டு துண்டாக, யாருடையது எது என்ற பேரேட்டோடு சேர்த்து அளந்து வரைந்தார். உழுபவர்களையும் அறுவடை செய்பவர்களையும்கூடச் சிறு உருவங்களாக அவர் அதில் தீட்டியிருக்கிறார். ஆக்ஸ்ஃபர்டின் பாட்லியன் நூலகத்தில் அது இருக்கிறது. அவ்வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்று தெற்கு வயலின் பாதையில் நடந்தால் வழி தவறாது. அப்போது நான்காவதாகச் சிறிய கிழக்கு வயல் ஒன்றும் இருந்தது. பின்னால் அது வேலிக்குள் போயிற்று.

இந்த கோர்ட்டனைப் பற்றி ஒரு சிறு செய்தி, இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து வந்தவர்களுக்குச் சுவையாக இருக்கும் என்பதால் சொல்கிறேன். லாக்ஸ்டன் அளக்கப்பட்ட அதே 1635-இல்தான், கிழக்கிந்தியக் கம்பெனியின் தனியுரிமையை மீறிக் கிழக்கு நாடுகளோடு வாணிகம் செய்யும் உரிமம் முதலாம் சார்லஸ் மன்னரிடமிருந்து கோர்ட்டனின் கூட்டணிக்குக் கிடைத்தது. அவர் அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். அவருடைய கூட்டணியின் கப்பல்கள் கோவாவுக்கும் இந்திய மேற்குக் கரையின் பட்கலுக்கும் போய்ச் சேர்ந்தன, கார்வாரில் அவர்களின் வாணிகச் சாவடியும் அமைந்தது. நாட்டிங்ஹம்ஷயரின் களிமண் வயலும் கன்னடக் கரையின் மிளகும் ஒரே மனிதரின் கணக்குப் புத்தகத்தில் இருந்திருக்கின்றன.

இனி, இந்த ஊர் மட்டும் ஏன் மிஞ்சியது என்ற கேள்விக்கு வருகிறேன். விடை பெருமைப்பட்டுக்கொள்ளத் தக்கதாக இல்லை என்றாலும் அதை மறைக்கக் கூடாது. 1604-க்கும் 1914-க்கும் இடையே 5,200-க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலான நிலம், அவற்றின்வழி துண்டும் பொதுமேய்ச்சலும் என்ற நிலையிலிருந்து தனியுடைமைக் கட்டங்களாக மாறியது. விளைச்சல் கூடியதைப் பொருளியலாளர்கள் எடுத்துக்காட்டுவார்கள், அது உண்மையுங்கூட. ஒரு மாட்டையும் நாலு வாத்தையும் பொதுப் புல்வெளியில் மேயவிட்டுப் பிழைத்த குடிசைவாசிக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விக்கு, நார்தாம்ப்டன்ஷயரின் ஹெல்ப்ஸ்டனில் பிறந்து, 1809-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தன் ஊர் வேலிக்குள் போவதைக் கண்ட ஜான் கிளேர் என்ற உழைப்பாளிக் கவிஞரின் துயரமே போதிய விடை.

லாக்ஸ்டனில் இது நடக்காமற் போனதற்கு, ஏழைகள்பால் எந்தப் பிரபுவும் கொண்ட இரக்கம் காரணமன்று. ஊரின் நிலம் பெரும்பாலும் இரண்டு பெருங்குடும்பங்களிடம் இருந்தது: ஒன்று கிங்ஸ்டன் கோமகன் வழியினர், பின்னாளில் மேன்வர்ஸ் பிரபுக்கள், மற்றொன்று ஸ்கார்பரோ பிரபுக்கள். இருவர் நிலமும் பின்னிப் பிணைந்து கிடந்ததால், ஒருவர் ஒப்பாமல் மற்றவர் வேலி போட முடியவில்லை. ஒப்பந்தமோ தலைமுறை தலைமுறையாகக் கைகூடவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலங்களை மாற்றிக்கொண்டு சிக்கல் தீர்ந்த வேளையில், வெளிநாட்டுத் தானியம் வந்து குவிந்து வேளாண்மை நொடித்துப்போக, வேலிக்கும் வடிகாலுக்கும் செலவழிக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஆக, இரு பிரபுக்களின் இழுபறியும் ஒரு விலைவீழ்ச்சியும் சேர்ந்து காப்பாற்றிக் கொடுத்த ஊர் இது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேன்வர்ஸ் பண்ணை நிருவாகம் துண்டுகளை இணைத்து எண்ணிக்கையைக் குறைத்தது, துண்டுகள் அகன்றன, அதனால்தான் இயந்திரக் காலத்திலும் அவற்றை உழ முடிகிறது.

தற்செயல் அதுவரைக்கும்தான் காத்தது. அதன்பிறகு காத்தது அரசு. அந்த அரசு என்றால் குறிப்பாகத் தங்கள் அமைச்சகம். இம்மடலைத் தங்களுக்கு எழுதுவதன் காரணமும் அதுவே. 1952-இல் ஆறாவது மேன்வர்ஸ் பிரபு, தமக்குப் பின் ஊர் துண்டாடப்பட்டுவிடும் என்ற கவலையோடு அதைத் தங்களின் முன்னோடியான வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார். போருக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில், இறைச்சிக்குக்கூடப் பங்கீட்டு அட்டை இருந்த நாட்டில், ஓர் அரசு ஒரு பழைய உழவுமுறையைக் காக்கும் பொருட்டு ஒரு முழு ஊரை விலைகொடுத்து வாங்கியது என்பதை நினைக்கும்போது வியப்பாகவே இருக்கிறது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் அமைச்சகமே நிலக்கிழார். பிறகு, கைவிடும் எண்ணம் எழுந்து, எதிர்ப்புகளும் எழுந்து, 1981-இல் ஊர், அரசமுடியின் பெயரிலுள்ள சொத்துகளை நிருவகிக்கும் கிரவுன் எஸ்டேட்டின் கைக்கு மாறியது. திறந்த வயல் முறை தொடர வேண்டும் என்ற புரிதலோடுதான் அக்கைமாற்றம் நடந்தது. 2018-இல் கிரவுன் எஸ்டேட் தானும் விலக விரும்புவதாக அறிவித்தது. 2020-இல் ஊர் தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கு விற்கப்பட்டது. மேன்வர்ஸ் பிரபுக்களின் வழிவந்தவர்களுடைய பண்ணை அது என்பதால், ஊர் பழைய வீட்டுக்கே திரும்பிவிட்டது என்று சிலர் மகிழ்ந்தார்கள்.

நானும் அதைக் குறை சொல்லவில்லை. ஊரை நன்கறிந்த உரிமையாளர், அறியாத நிதி நிறுவனத்தைவிடப் பன்மடங்கு மேல். ஆனால் 68 ஆண்டுகள் பொதுவுடைமையாக இருந்த ஒரு பொறுப்பு தனியார் நல்லெண்ணத்தின் மேல் வந்து நிற்கிறது என்பதையும், அந்த நல்லெண்ணத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரு விலை இருக்கிறது என்பதையும், அவ்விலையில் அரசு தன் பங்கை இன்னும் எடுத்து வைக்கவில்லை என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது.

சட்டப் பாதுகாப்பு இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, எல்லாவற்றுக்கும் தனித்தனியாக. கோட்டை மண்மேடு பட்டியலிட்ட தொல்சின்னம். சைக் புல்வெளிகள் இயற்கைப் பாதுகாப்புத் தலம். தேவாலயம் பாதுகாக்கப்பட்ட கட்டடம். மன்றத்தின் அதிகாரம் 1977-ஆம் ஆண்டுச் சட்டத்தில். இவை அனைத்தும் ஒரு கல்லையும் நகர்த்தக் கூடாது, ஒரு புல்வெளியையும் உழக் கூடாது என்று தடுக்கக்கூடிய சட்டங்கள். அடுத்த அக்டோபரில் இன்னாரெல்லாம் டிராக்டரோடு மேற்கு வயலுக்கு வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. விவசாயிகள் வராமல் போனால் ஜூரிக்கு ஆளில்லை. ஜூரி இல்லையென்றால் மன்றத்துக்கு வேலையில்லை. ஒருவரோ இருவரோ பெரிய ஒப்பந்தக்காரர்கள் மூன்று வயல்களையும் மொத்தமாக எடுத்து உழுதால், துண்டுகள் வரைபடத்தில் இருக்கும், முளைகளும் இருக்கும், தமக்குத் தாமே தண்டம் எழுதிக்கொள்ளும் மன்றம் ஒன்றும் இருக்கக்கூடும்.

அந்த ஆபத்து கற்பனையன்று. லாக்ஸ்டனின் பண்ணைகள் சிறியவை. ஒவ்வொரு குத்தகையிலும் திறந்த வயல் துண்டுகளும் வேலியிட்ட நிலமும் கலந்து வருகின்றன. ஒரு காலத்தில் அத்தகைய பண்ணைகளைத் தாங்கிப் பிடித்தது பாலும் கால்நடையும். சிறு பால் பண்ணைகள் நாடு முழுவதும் மறைந்துகொண்டிருப்பதைத் தங்கள் அமைச்சகத்தைவிட நன்கறிந்தவர் யார்? விவசாயிகளின் எண்ணிக்கை தலைமுறைக்குத் தலைமுறை குறைந்து வருகிறது. ஓய்வுபெறும் ஒருவரின் இடத்துக்குப் பிள்ளையோ புதியவரோ வரவில்லையென்றால், அவருடைய துண்டுகளை மிஞ்சியிருப்பவர்களே எடுத்துக்கொள்ள நேர்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியபின், ஏக்கர் கணக்கில் கொடுக்கப்பட்டுவந்த அடிப்படை மானியத்தைப் படிப்படியாக நிறுத்தி, பொதுப்பணம் பொதுநன்மைக்கே என்ற கொள்கையைத் தாங்கள் முன்வைத்தீர்கள். கொள்கை எனக்கு ஏற்புடையதே. அதன்படி வகுக்கப்பட்ட நீடித்த வேளாண்மை ஊக்கத்தொகைத் திட்டம், 2025 மார்ச்சில் புதிய விண்ணப்பங்களுக்கு முன்னறிவிப்பின்றி மூடப்பட்டபோது நாடெங்கும் எழுந்த குரல் தங்களுக்கு நினைவிருக்கும். லாக்ஸ்டனைப் பொறுத்தவரை சிக்கல் அதையும்விட அடிப்படையானது. இத்திட்டங்கள் யாவும், தன் நிலத்தில் எதை எப்போது செய்வது என்று தானே முடிவு செய்யக்கூடிய ஒரு விவசாயியை மனத்தில் வைத்து எழுதப்படுகின்றன. இவ்விடத்தில் பூச்செடி விதை, அவ்விடத்தில் ஐந்தாண்டுக்கு உழாதே, வேலியோரம் இத்தனை மீட்டர் விடு என்பவை அவற்றின் நிபந்தனைகள். திறந்த வயலின் துண்டுக்கு வேலியோரமே கிடையாது; சுற்றிலும் ஊர் கோதுமை விதைக்கும் ஆண்டில் ஒருவர் மட்டும் தம் துண்டை மூன்றாண்டு ஒப்பந்தப்படி புல்லாக விட்டால் சுழற்சி குலையும். ஆகவே, பொதுநன்மைக்காக நாட்டிலேயே மிகப் பழைய ஏற்பாட்டைக் கடைப்பிடிக்கும் விவசாயி, அந்தக் காரணத்தாலேயே பொதுநன்மைக்கான பணத்தின் பெரும்பகுதிக்குத் தகுதியற்றவராகும் நிலை உண்டாகிறது.

இதற்கு என் யோசனை எளிது. துண்டு உழும் தனித்தனி விவசாயிகளைத் தனித்தனி விண்ணப்பதாரர்களாகப் பார்ப்பதை விட்டு, மூன்று வயல்களையும் சைக்குகளையும் ஒரே நிலமாகவும், கோர்ட் லீட்டின் ஜூரியை அந்நிலத்தின் பராமரிப்பு அமைப்பாகவும் ஏற்றுக்கொண்டு, சட்டத்தின் பண்பாட்டு மரபு என்ற தலைப்பின்கீழ், குறைந்தது ஒரு குத்தகைத் தலைமுறைக்கு நீடிக்கும் ஒப்பந்தம் ஒன்றை எழுதுங்கள். பணம் துண்டுகளின் பரப்புக்கு மட்டுமன்றிப் பங்கெடுப்புக்கும் கிடைக்க வேண்டும்: சுழற்சியைக் கடைப்பிடிப்பது, ஜூரியில் அமர்வது, வடிகாலையும் முளையையும் பேணுவது. எத்தனை தனித்தனிக் குடும்பங்கள் உழுகின்றனவோ அதற்கேற்ப உயரும் வகையில் அத்தொகை அமைந்தால், இரண்டு பண்ணைகளை ஒன்றாக்குவதைவிட ஒரு புதிய இளைஞருக்குக் குத்தகை கொடுப்பது நில உரிமையாளருக்கும் இலாபமாகும். ஜூரி ஏற்கெனவே ஆண்டுதோறும் வயலைப் பார்வையிட்டு எழுத்தில் பதிவதால், தங்கள் ஆய்வாளர்களுக்கு வேலையும் குறைவு. 500 ஏக்கருக்கும் குறைவான நிலத்துக்கு ஆகும் செலவு, தங்கள் வரவு செலவுத் திட்டத்தில் கண்ணுக்கே தெரியாது.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளில் இரண்டு மட்டும் விடை சொல்லத் தக்கவை. தனியார் நிலத்துக்குப் பொதுப்பணம் ஏன் என்பது முதலாவது. ஒவ்வொரு வேளாண் மானியமும் தனியார் நிலத்துக்குத்தான் போகிறது. இங்கேயாவது, பணம் பெறும் குத்தகைக்காரருக்குக் குத்தகைத் தொகை அதே அளவில் உயர்த்தப்படாது என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுத முடியும், எழுத வேண்டும். இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது: இது நிலப்பிரபுத்துவத்தின் மிச்சம், நிலக்கிழாரின் பெயரில் கூடும் மன்றத்தை மக்களாட்சி அரசு ஏன் பேண வேண்டும்? இதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். திறந்த வயல் ஊர் சமத்துவபுரமாக ஒருநாளும் இருந்ததில்லை. துண்டுகள் அதிகம் உடையவரும் ஒன்றிரண்டு மட்டும் உடையவரும் ஒன்றுமில்லாத கூலியாளும் அங்கே இருந்தார்கள். தண்டப் பணம் பிரபுவின் பைக்குப் போயிற்று. ஆனால் பிரபு இல்லாத நாளிலும், பயனாளர்கள் தாமே விதி வகுத்து, தாமே கண்காணித்து, தாமே தண்டமும் விதித்துக்கொண்டால் பொதுவளம் அழியாமல் நிற்கும் என்பதைக் காட்டும் செயல்முறை அந்த மேனர் சட்டைக்குள் இருக்கிறது. பொதுவளங்களை மக்கள் கூடி ஆளும் முறைகளை ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரத்துக்கு 2009-இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் சுவிட்சர்லாந்தின் மேய்ச்சல் நிலங்களையும் ஸ்பெயினின் பாசன மன்றங்களையும் சான்றாகக் காட்டினார். அப்படிப்பட்ட சான்று ஒன்று இலண்டனிலிருந்து அரைநாள் பயணத் தொலைவில் தங்களிடமே இருக்கிறது.

தஞ்சைப் பகுதியின் பழைய ஊர்களில், நிலத்தைக் காணியாளர்கள் பொதுவில் வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பங்குகளை மாற்றிப் பிரித்துக்கொள்ளும் கரையீடு என்ற வழக்கம் இருந்ததைத் தமிழ் வாசகர்களில் சிலர் அறிவார்கள். அங்கும் அது சமத்துவமாக இல்லை; உழுதவர்களில் பெரும்பாலோருக்குப் பங்கே கிடையாது. ஆங்கிலேய வருவாய்த்துறை அதைப் பற்றி ஏராளமாக எழுதிவைத்தது, வழக்கமோ தனிப்பட்டாக்களின் காலத்தில் மறைந்தது. இன்று அந்த மன்றங்கள் எப்படிப் பேசின, தகராறை எப்படித் தீர்த்தன என்று அறிய விரும்புபவருக்குக் கிடைப்பது அதிகாரிகளின் அறிக்கைகள் மட்டுமே. லாக்ஸ்டனில் ஆளையே கேட்கலாம்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. அது தங்கள் துறைக்கு மட்டும் உரியதன்று. 2003-ஆம் ஆண்டின் யுனெஸ்கோ புலனாகாப் பண்பாட்டு மரபு உடன்படிக்கையில் ஐக்கிய இராச்சியம் 2024-இல் இணைந்தது. தன் எல்லைக்குள் வாழும் மரபுகளின் பட்டியலை ஆக்குவது அதனால் வந்த கடமை. அப்பணி பண்பாட்டுத் துறையின் பொறுப்பு. ஆட்டமும் பாட்டும் திருவிழாவும் அப்பட்டியலில் தாமாகவே இடம்பிடித்துவிடும், ஏனென்றால் அவை படமெடுக்க அழகானவை. சேறு அப்பிய காலணியோடு நவம்பர் மழையில் பன்னிருவர் வடிகாலைக் குனிந்து பார்ப்பது அப்படி அழகாக இராது. ஆகவே லாக்ஸ்டன் மன்றத்தையும் அதன் சுழற்சியையும், ஊராரின் இசைவைப் பெற்று, அப்பட்டியலுக்கு முன்மொழிவதில் தாங்கள் துணை நிற்க வேண்டும். பெயர் பட்டியலில் ஏறியது ஒன்றே போதும் என்று நிதிக் கோரிக்கையை ஒதுக்கிவிடவும் கூடாது.

இவை குறித்து எந்த முடிவையும் இலண்டனிலிருந்தோ யார்க்கிலிருந்தோ எழுதி அனுப்பிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நிதித் திட்டத்தை வரையும் அதிகாரி ஒருவரை இவ்வாண்டு ஜூரி நாளுக்கு முன்பே ஊருக்கு அனுப்பி, விவசாயிகளோடும், குத்தகையை ஏற்க விரும்பும் அடுத்த தலைமுறையினரோடும், தோர்ஸ்பி எஸ்டேட்டோடும் பேசச் செய்யுங்கள். அவர் வரையும் வரைவு, அடுத்த வாரம் கூடும் மன்றத்தின்முன் படிக்கப்பட்டு, ஊராரின் திருத்தங்களோடு தங்கள் மேசைக்குத் திரும்பி வரட்டும். அடிப்படை மானியத்தின் கடைசித் தவணைகள் 2027-ஓடு முடிகின்றன. புதிய ஏற்பாடு அதற்குள் கையெழுத்தாக வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பிரித்தானியாவில் வாழும் தமிழர் ஒருவர்